5 வயதுக் குழந்தையிடம் சாவைப் பற்றி எப்படிப் பேசுவது? படப்புத்தகம் உதவுமா?

காவிரிக்கரை:
அண்ணன் மகளுக்கு 5 வயது. எங்கள் அம்மா, அதாவது அவளுடைய அப்பாயி, போன மாதம் மாரடைப்பில் இறந்துவிட்டார். காரியம் நடந்த நாட்களில் குழந்தையை அம்மாச்சி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தவளிடம் "அப்பாயி ஊருக்குப் போயிருக்காங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். கருமாதி முடிந்து உறவுக்காரர்கள் எல்லாரும் கிளம்பியாயிற்று. இவள் தினமும் கேட்கிறாள். எந்த ஊர், எப்போது வருவார்கள், ஏன் வீடியோ காலில் வரமாட்டேன் என்கிறார்கள் என்று. முறுக்கு கொடுத்தால் ஒன்றை எடுத்து டப்பாவில் போட்டு வைக்கிறாள், அப்பாயிக்காம்.

அண்ணனுக்கு அவளிடம் பேச வாய் வரவில்லை. நான் பேசலாம் என்றிருக்கிறேன். படப்புத்தகம் வழியாகப் பேசினால் எளிதாக இருக்கும் என்று தோழி ஒருத்தி சொன்னாள். தமிழில் அப்படிப் புத்தகங்கள் கிடைக்குமா? இந்த வயதில் சாவு வரும் கதையைப் படித்தால் பயந்துவிடுவாளா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நூலகவாசல்:
அம்மாவை இழந்த துக்கத்திலும் குழந்தைக்காக யோசிக்கிறீர்கள். உங்களுக்கு என் ஆறுதல்.

மாவட்ட நூலகம் ஒன்றில் சிறுவர் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். "கோபத்துக்குப் புத்தகம் இருக்கா, பயத்துக்கு இருக்கா" என்று கேட்டு வரும் பெற்றோர்கள் நிறைய. அவர்களிடம் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன். வீட்டில் ஒளித்து வைத்திருக்கும் ஒரு விஷயத்தைப் புத்தகம் வந்து சொல்ல முடியாது. அப்பாயி ஊருக்குப் போயிருக்கிறார் என்கிறார் அப்பா, அத்தை கொண்டுவந்த புத்தகத்தில் பாட்டி இறந்துபோகிறார். இரண்டில் எதை நம்புவது என்று அந்தப் பிஞ்சு குழம்பும். அதனால் முதலில் உண்மை, அப்புறம் புத்தகம்.

உண்மையைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். "அப்பாயி செத்துப்போயிட்டாங்க. அவங்க உடம்பு வேலை செய்யறது நின்னுபோச்சு. இனிமே அவங்களால வர முடியாது. எங்களுக்கும் ரொம்ப வருத்தமா இருக்கு." செத்துப்போவது என்ற சொல்லைத் தவிர்க்காதீர்கள். "தூங்கிட்டாங்க" என்று சொல்லிக் கேட்ட குழந்தை, ராத்திரி தூங்கவே பயப்படலாம். "சாமி கூட்டிட்டுப் போயிட்டார்" என்றால், அடுத்து அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவாரோ என்று கோயில் வாசலிலேயே அழும். "உடம்பு சரியில்லாம போயிட்டாங்க" என்று மட்டும் சொன்னால் அடுத்த முறை தனக்குக் காய்ச்சல் வரும்போது என்ன நினைக்கும்?

சாவைப் பற்றிக் குழந்தைகள் நாலு விஷயங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று குழந்தை உளவியலில் சொல்வார்கள். செத்தவர் திரும்ப வரமாட்டார். அவருக்குப் பசிக்காது, வலிக்காது, குளிராது. எல்லா உயிருக்கும் இது உண்டு. இதற்கு உடல் சார்ந்த ஒரு காரணம் இருக்கிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு 5 முதல் 7 வயதுக்குள் இது பிடிபடத் தொடங்கும். உங்கள் மருமகள் அந்த வாசலில்தான் நிற்கிறாள். முறுக்கை எடுத்து வைப்பது அவளுக்கு இரண்டாவது விஷயம் இன்னும் தெரியாததால் இருக்கலாம். திட்டாதீர்கள், டப்பாவை எடுத்துவிடவும் வேண்டாம்.

தென்னந்தோப்பு:
வயதில் மூத்தவன் என்பதால் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் காலத்தில் இதற்குப் புத்தகம் தேவைப்படவில்லை. தெருவில் ஒரு சாவு என்றால் பிள்ளைகள் எல்லாம் பந்தலடியில்தான் நிற்போம். பாட்டிகள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைப்பதைப் பார்ப்போம். தலைமாட்டில் விளக்கு எரியும். நெய்ப்பந்தம் பிடிக்கப் பேரப்பிள்ளைகளைக் கூப்பிடுவார்கள். செத்தவர் திரும்ப வரமாட்டார் என்று யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை. கண்ணால் பார்த்தோம்.

அந்தக் குழந்தையை அம்மாச்சி வீட்டுக்கு அனுப்பியதால்தான் அவளுக்கு இப்போது கதை தேவைப்படுகிறது என்று எனக்குப் படுகிறது. பெரியவர்கள் அழுவதைப் பிள்ளைகளிடமிருந்து மறைப்பது எப்போது வழக்கமானது?

விழுதுகள்:
ஐயா சொல்வதில் பெரிய உண்மை இருக்கிறது. பள்ளியில் மன ஆலோசகராக வேலை செய்கிறேன். விருப்பமுள்ள குழந்தையை, பக்கத்தில் ஒரு பெரியவர் துணையிருக்க, இறுதிச் சடங்கில் இருக்க விடுவது நல்லதுதான். அந்த ஒப்பாரியில் ஒரு முக்கியமான விஷயம் நடக்கிறது. செத்தவரின் பெயரை, குணத்தை, அவர் செய்த பலகாரத்தைக்கூடச் சொல்லிச் சொல்லி அழுகிறார்கள். துக்கத்துக்குச் சொற்கள் கிடைக்கின்றன. இன்று அடுக்குமாடிக் குடியிருப்பில் கண்ணாடிப் பெட்டி காலையில் வந்து மாலைக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. அந்த இடைவெளியில் படப்புத்தகம் கொஞ்சம் உதவலாம்.

அது எப்படி உதவுகிறது என்றால், குழந்தை தன்னைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. கதையில் வரும் முயலைக் காட்டி "அந்த முயலுக்குக் கோபம்" என்று சொல்லலாம். தன் கோபத்தை முயலின் தலையில் வைத்துப் பார்க்க அதற்கு ஒரு தூரம் கிடைக்கிறது. அந்தத் தூரத்தைப் பெரியவர்கள் அவசரப்பட்டு உடைத்துவிடக் கூடாது. படித்து முடித்த உடனே "உனக்கும் இப்படித்தானே இருக்கு?" என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். அவள் முயலைப் பற்றியே பேசட்டும். சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றும்போது தானாகத் தன் கதைக்கு வருவாள்.

காவிரிக்கரை, படிக்கும் விதம் பற்றியும் சொல்கிறேன். பக்கத்தைத் திருப்பும் வேலையை அவளிடம் கொடுங்கள். எழுத்தை வாசிக்கும் முன் படத்தைப் பார்க்க நேரம் விடுங்கள். நாம் எழுத்தில் கண்ணை வைத்திருப்போம், அவள் மூலையில் இருக்கும் காலிச் செருப்பைப் பார்த்திருப்பாள். "என்ன பாக்குற?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். 1988இல் அமெரிக்காவில் குரோவர் ஒயிட்ஹர்ஸ்டும் அவருடைய குழுவினரும், குழந்தையை அதிகம் பேசவிட்டுத் திறந்த கேள்விகள் கேட்டுப் படிக்கும் முறையை ஆராய்ந்து எழுதினார்கள். அது மொழி வளர்ச்சிக்கான ஆய்வு. ஆனால் துக்கத்தில் இருக்கும் குழந்தையோடு உட்காரும்போதும் நான் அதே வழியைத்தான் பிடிக்கிறேன். ஆம், இல்லை என்று முடியும் கேள்விகள் வேண்டாம். "இதுல இருந்து என்ன கத்துக்கிட்ட?" வேண்டவே வேண்டாம்.

புத்தகத்தை மூடிவிட்டு ஓடினால் விட்டுவிடுங்கள். ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டாலும் சலிக்காமல் படியுங்கள். அழுது அடம் பிடிக்கும்போது எடுக்காதீர்கள். சாப்பிட்டு, விளையாடி, அமைதியாக இருக்கும் நேரம்தான் இதற்குச் சரி. படிக்கும்போது உங்கள் குரல் உடைந்தால் மறைக்க வேண்டாம். "அப்பாயி ஞாபகம் வந்துடுச்சு, அதான் அழறேன்" என்று சொல்லிவிட்டால் போதும். இந்த வயதில் பல குழந்தைகள் "நான் பாட்டிகிட்ட கத்தினேன், அதனாலதான் செத்துட்டாங்க" என்று ரகசியமாக நினைத்துக்கொண்டிருப்பார்கள். அவள் கேட்காவிட்டாலும் "நீ செஞ்ச எதனாலும் இது நடக்கலை" என்பதைச் சொல்லிவிடுங்கள்.

தூக்கம், சாப்பாடு, விளையாட்டு எல்லாம் வாரக்கணக்கில் கெட்டுப்போனால் புத்தகத்தை நம்பி உட்காராதீர்கள். குழந்தை மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

காவிரிக்கரை:
எல்லாருக்கும் நன்றி. அண்ணியின் அம்மா, குழந்தை இருக்கும் வீட்டில் சாவு என்ற சொல்லே வரக்கூடாது என்கிறார். "சாமிகிட்ட இருக்காங்கன்னு சொன்னா என்ன குறைஞ்சுபோச்சு" என்று கேட்கிறார். அவர் மனதையும் நோகடிக்க முடியாது.

விழுதுகள்:
அவர் நம்பிக்கையை மறுக்க வேண்டியதில்லை. வரிசைதான் முக்கியம். உடம்புக்கு என்ன ஆனது என்பதை முதலில் சொல்லிவிட்டு, "அப்பாயி சாமிகிட்ட இருக்காங்கன்னு நாம நம்புறோம்" என்று அம்மாச்சியே சேர்த்துச் சொல்லட்டும். அவரும் அந்த உரையாடலில் இருப்பது குழந்தைக்குத் தெம்பு.

வாவிக்கரை:
மட்டக்களப்பில் இருந்து எழுதுகிறேன். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு முகாம்களில் பிள்ளைகளோடு இருந்தவர்களில் நானும் ஒருத்தி. நாவலடி, கல்லடிப் பக்கம் குடும்பத்தில் ஒருத்தரையும் இழக்காத பிள்ளையைக் காண்பதே அரிது. எங்களுக்குக் கதைப் புத்தகங்கள் பெட்டி பெட்டியாக வந்தன. அதிலே துயரத்தைப் பற்றியவையும் இருந்தன. முதல் மாதங்களில் பிள்ளைகள் அவற்றைத் தொடவில்லை. யானை, குரங்கு, பகிடிக் கதைகளைத்தான் கேட்டார்கள். கடலிடம் உறவை இழந்த பிள்ளைக்கு உடனே கடல் கதையைக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள் என்பதுதான் நான் அங்கே படித்த பாடம். முதலில் பாய் விரித்து, பக்கத்தில் இருத்தி, சிரிக்கிற கதை ஒன்றைச் சொல்லுங்கள். அந்தச் சூடு வந்த பிறகுதான் மற்றதெல்லாம்.

எங்கள் ஊரில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா ஒன்று இருந்தது. யுத்தத்தில் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஒன்றாக வந்து களிமண்ணிலும் வண்ணத்திலும் கதையிலும் பொழுதைக் கழித்த இடம். யாரும் அங்கே "உனக்கு என்ன நடந்தது" என்று விசாரிக்க மாட்டார்கள். பிள்ளை கீறுகிற படத்தில் அது தானாக வரும்.

எழுத்தே இல்லாத படப்புத்தகங்களையும் நினைவில் வைத்திருங்கள். இத்தாலியின் லம்பெதூசா தீவில் கரையேறிய அகதிப் பிள்ளைகளுக்காக 2012இல் இப்பி என்கிற பன்னாட்டுச் சிறுவர் நூல் அமைப்பு பல நாட்டுச் சொல்லில்லாப் புத்தகங்களைச் சேர்த்தது. மொழி தெரியாத பிள்ளையும் படத்தைப் பார்த்துத் தன் பாஷையில் கதை சொல்லலாம் அல்லவா. இப்பியைத் தொடங்கிய ஜெல்லா லெப்மன் என்ற அம்மையார், யுத்தம் முடிந்து இடிந்து கிடந்த ஜெர்மனியில் 1946இலேயே பல நாட்டுச் சிறுவர் நூல்களைத் திரட்டிக் கண்காட்சி வைத்தவர். சோறும் கூரையும் இல்லாத நேரத்தில் புத்தகம் எதற்கு என்று கேட்டவர்களுக்கு அவர் வேலை செய்தே பதில் சொன்னார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மேலே "செத்துப்போனார் என்று தெளிவாகச் சொல்லுங்கள்" என்று எழுதியிருக்கிறார்கள். சரிதான். ஆனால் எங்கள் பக்கத்தில் அப்பா காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்படிக் காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடி 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார் வீதியோரம் இருந்து தொடங்கிய போராட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த வீடுகளில் இறந்துவிட்டார் என்றும் சொல்ல ஏலாது, வருவார் என்றும் சொல்ல ஏலாது. படத்துக்கு மாலை போடுவதா விடுவதா என்பதே வீட்டுக்குள் சண்டை. அந்தப் பிள்ளைக்குக் கடைசிப் பக்கத்தில் எல்லாம் சரியாகிவிடுகிற கதை பொய்யாகத்தான் படும். "அப்பா எங்கே என்று எங்களுக்குத் தெரியாது, தேடிக்கொண்டிருக்கிறோம், தெரிந்தால் உனக்குக் கட்டாயம் சொல்லுவோம்" என்பதுதான் அங்கே உண்மை. முடிவு தெரியாமலேயே நிற்கிற படக்கதை ஒன்றை நம்முடைய எழுத்தாளர்கள் யாராவது எழுத வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

மஞ்சள்வண்டி:
என் மகனுக்கு ஆட்டிசம். இலை உதிர்வது, பட்டாம்பூச்சி பறந்துபோவது என்று சாவைச் சுற்றி வளைத்துச் சொல்லும் புத்தகங்கள் அவனுக்கு உதவவில்லை. இலை என்றால் அவனுக்கு இலைதான். எங்களுக்குப் பயன்பட்டது நாங்களே செய்த புத்தகம். 1990களின் தொடக்கத்தில் கேரல் கிரே என்ற அமெரிக்க ஆசிரியை உருவாக்கிய சமூகக் கதைகள் என்ற முறை இதற்கு அடிப்படை. வரப்போகும் ஒரு சூழ்நிலையை, குழந்தையின் பார்வையில், உள்ளதை உள்ளபடி சின்னச் சின்ன வாக்கியங்களாகச் சொல்வது. கட்டளை இருக்காது.

ரத்தப் பரிசோதனைக்குப் போக இப்படிச் செய்தோம். ஆய்வகத்தின் வாசல், நாற்காலி, கையில் கட்டும் ரப்பர் பட்டை, பஞ்சு, எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துக்கொண்டோம். பக்கத்துக்கு ஒரு படம், ஒரு வாக்கியம். "அக்கா என் கையில் பட்டை கட்டுவார். ஊசி குத்தும்போது வலிக்கும். நான் அம்மா கையைப் பிடித்துக்கொள்ளலாம்." வலிக்காது என்று எழுதவே கூடாது. ஒரு முறை பொய் சொல்லிவிட்டால் அடுத்த புத்தகத்தை நம்பமாட்டான். ஜெராக்ஸ் கடையில் கலர் பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போட்டால் முடிந்தது.

இங்கிலாந்தில் ஷீலா ஹாலின்ஸ் என்ற மனநல மருத்துவர், கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்காக அப்பா இறந்ததையும் அம்மா இறந்ததையும் வெறும் படங்களாலேயே சொல்லும் நூல்களை 1989இல் கொண்டுவந்தார். படுக்கை, சடங்கு, காலி நாற்காலி எல்லாம் நேரடியாக வரும், உருவகம் கிடையாது. தமிழ்ச் சடங்குகளை வைத்து அதுபோல் ஒன்று வந்தால் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு எவ்வளவு பெரிய உதவி!

கரும்பலகை:
அரசு தொடக்கப் பள்ளி ஆசிரியை. தமிழக அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கம் வந்த பிறகு நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை பிரித்த சின்னப் புத்தகங்கள் வகுப்புக்கே வருகின்றன. பிள்ளைகள் கையில் எடுத்துப் புரட்டுகிறார்கள். அந்த மகிழ்ச்சியோடு ஒரு கவலையையும் சொல்கிறேன்.

என் வகுப்பில் அப்பா வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகள் உண்டு. குடித்துவிட்டு வரும் அப்பாவுக்குப் பயந்து பக்கத்து வீட்டில் படுக்கும் பிள்ளையும் உண்டு. "குடிக்கும் அப்பா" பற்றிய கதையை வகுப்பில் சத்தமாகப் படித்தால் எல்லாப் பிள்ளைகளும் திரும்பி அந்த ஒருவனைப் பார்ப்பார்கள். வீட்டில் ஒருவர் மடியில் படிப்பதும் முப்பது பேர் நடுவில் படிப்பதும் ஒன்றல்ல. அதனால் வகுப்பில் பொதுவான உணர்வுகளைத் தொடும் கதைகளை மட்டும் படிக்கிறேன். கோபம், பொறாமை, தொலைந்துபோகும் பயம், புதுத் தம்பி பிறந்ததால் வரும் ஏக்கம். மற்ற புத்தகங்களை அலமாரியில் எல்லாவற்றோடும் கலந்து வைத்துவிடுகிறேன். வேண்டிய பிள்ளை தேடி எடுத்துக்கொள்கிறது. ஒரு புத்தகத்தை ஒரு பிள்ளை மட்டும் திரும்பத் திரும்ப எடுத்தால் எனக்கு அது ஒரு சேதி.

ஆசிரியர்கள் யாராவது நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் பற்றிய படப்புத்தகங்களைப் படிக்கத் திட்டமிட்டால், படிக்கும் முன்பே ஒன்றுக்குத் தயாராக இருங்கள். ஏதாவது ஒரு பிள்ளை வந்து உங்களிடம் சொல்லலாம். "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், காப்பாற்ற முடியாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி தெரிந்ததைப் புகார் செய்வது நம் கடமை. "நீ சொன்னது நல்லது, உன்மேல தப்பு இல்லை" என்று சொல்லிவிட்டு குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழையுங்கள். துருவித் துருவி விசாரிப்பது நம் வேலையில்லை.

நூலகவாசல்:
கரும்பலகை டீச்சர் சொன்னதை எங்கள் நூலகத்திலும் கடைப்பிடிக்கலாம் என்று தோன்றுகிறது. "துக்கம்" என்று எழுதி ஒட்டிய தனி அலமாரியில் கைவைக்கப் பிள்ளைகள் தயங்குவார்கள்.

காவிரிக்கரை கேட்ட "தமிழில் கிடைக்குமா" என்பதற்கு வருகிறேன். கிடைக்கும், ஆனால் தேட வேண்டும். 1996இல் சென்னையில் தொடங்கிய தூலிகா பதிப்பகம் பல இந்திய மொழிகளில் படப்புத்தகங்கள் போடுகிறது. தமிழும் உண்டு. இழப்பு, உடல் குறைபாடு என்று எளிதில் யாரும் தொடாத விஷயங்களையும் தொட்டிருக்கிறார்கள். பெங்களூருவின் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாகப் படிக்கலாம், இறக்கி அச்செடுக்கலாம். மொழிபெயர்ப்பின் தரம் ஏறி இறங்கும். குழந்தைக்குப் படிக்கும் முன் ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நாக்கில் இடறும் வாக்கியத்தை உங்கள் வீட்டுப் பேச்சில் மாற்றிச் சொல்லலாம், தப்பே இல்லை.

வாங்கும் முன் கடைசி இரண்டு பக்கங்களைப் பாருங்கள். அழுத பிள்ளை சட்டென்று சிரித்து, பெரியவர் ஒருவர் வந்து அறிவுரை சொல்லி முடிந்தால் கீழே வைத்துவிடுவேன். படங்களையும் பாருங்கள். வெளிநாட்டுப் புத்தகங்களில் கறுப்பு உடையும் கல்லறையும் வரும். நம் பக்கத்துப் பிள்ளைகள் பார்ப்பது வாசலில் கட்டிய பந்தலையும் மாலை போட்ட படத்தையும்தான். 1990இல் ரூடின் சிம்ஸ் பிஷப் என்ற அமெரிக்கப் பேராசிரியர், குழந்தைக்குப் புத்தகம் தன் வாழ்க்கையைக் காட்டும் கண்ணாடியாகவும் பிறர் வாழ்க்கையைக் காட்டும் ஜன்னலாகவும் இருக்க வேண்டும் என்று எழுதினார். துக்கத்தில் இருக்கும் குழந்தைக்கு முதலில் கண்ணாடியைக் கொடுங்கள் என்பேன். அது கடையில் கிடைக்காவிட்டால் மஞ்சள்வண்டி சொன்னபடி நீங்களே செய்யுங்கள்.

காவிரிக்கரை:
ஞாயிற்றுக்கிழமை பேசினோம். அண்ணனும் அண்ணியும் அம்மாச்சியும் கூடவே இருந்தார்கள். நூலகவாசல் எழுதிக் கொடுத்த வாக்கியங்களையே அண்ணன் சொன்னார், பாதியில் அழுதுவிட்டார். குழந்தை அழவில்லை. "அப்போ அவங்க மூக்குக்கண்ணாடி யாருக்கு?" என்று கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்து "எரிச்சா வலிக்குமா?" என்றாள். உடம்பு வேலை செய்யாதபோது வலிக்காது என்று சொன்னேன். அப்புறம் விளையாடப் போய்விட்டாள். ராத்திரி படுக்கும்போதுதான் அழுதாள், அண்ணன் பக்கத்திலேயே படுத்திருந்தார்.

இப்போது அப்பாயி புத்தகம் ஒன்று செய்துகொண்டிருக்கிறோம். ஆல்பத்திலிருந்து எடுத்த படங்களை ஒரு வரைபட நோட்டில் ஒட்டுகிறோம். எந்தப் படத்துக்குக் கீழே என்ன எழுத வேண்டும் என்பதை அவள்தான் சொல்கிறாள். அப்பாயி அவளைத் திட்டியதையும் எழுதச் சொன்னாள், எழுதினேன். ஸ்டோரிவீவரில் எடுத்த கதை ஒன்றும் படித்தோம். அதை அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை, இந்த நோட்டைத்தான் கேட்கிறாள். முறுக்கு டப்பா இன்னும் இருக்கிறது.

தென்னந்தோப்பு:
திட்டியதையும் எழுதியது நல்லது அம்மா. ஒப்பாரியிலும் அதெல்லாம் வரும். திதி வரும்போது அந்த நோட்டை எடுத்து எல்லாரும் சேர்ந்து படியுங்கள், குழந்தையையும் எள்ளும் தண்ணியும் இறைக்கும் இடத்தில் நிற்க வையுங்கள்.

நெய்தல்:
என் மகனுக்கு 10 வயது. நாங்கள் பிரிந்து வாழ்கிறோம். படப்புத்தகம் எடுத்தாலே "நான் என்ன குட்டிப் பாப்பாவா" என்று தள்ளிவிடுகிறான். இந்த வயதுக்கு என்ன செய்யலாம்?

நூலகவாசல்:
கையில் கொடுக்காதீர்கள். மேசையில் வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். தங்கை, தம்பி, பக்கத்து வீட்டுச் சின்னப் பிள்ளை யாருக்காவது படித்துக் காட்டச் சொன்னால் பெரியவனாக உட்கார்ந்து படிப்பான், அவனுக்கும் கேட்கும். சித்திரக் கதைகளும் நல்ல வழி. பிரிவு பற்றிய புத்தகம் தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். அம்மா நல்லவர், அப்பா கெட்டவர் என்றோ, தலைகீழாகவோ சொல்லும் கதை வேண்டாம். கடைசியில் அம்மா அப்பா சேர்ந்துவிடும் கதையும் வேண்டாம், அவன் அதையே நம்பிக் காத்திருப்பான். இரண்டு வீட்டிலும் தனக்கு ஒரு தலையணை இருக்கும் பிள்ளையின் கதை கிடைத்தால் எடுங்கள். எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்று எழுதுங்கள், உங்கள் பக்கத்து நூலகத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டுச் சொல்கிறேன்.